கொல்லை மூலைப் புற்று

என் அண்ணி வேம்பு ஒரு பயந்தாங்கொள்ளி. எங்கள் தெருவில் இன்றைக்கு யாரிடமாவது இப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவளை என்னைவிட அவர்களுக்கு அதிகமாகத் தெரியுமா? அணில் கத்தினால் பயம். வானம் கறுத்தால் பயம், கறுக்காவிட்டால் அதைவிடப் பயம். பரங்கிப் பிஞ்சை யாராவது விரல் நீட்டிக் காட்டிவிட்டால் அது வெம்பி விழுந்துவிடும் என்று, நீட்டின விரலைப் பிடித்து மடக்கிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவாள். ஒருமுறை அம்மை குத்த வந்த ஆபீசரின் விரலையே மடக்கியிருக்கிறாள். அந்த மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

நான் அம்சம். வேம்புவின் புருஷன் வீரையனுக்குத் தங்கை. என்னைக் கட்டிக்கொடுத்ததும் அதே தெருவில்தான், நாலு வீடு தள்ளி. எட்டாவது வரை படித்தவள் என்பதால் தெருவுக்கே மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பிற்பாடு பால்வாடியில் டீச்சராகவும் ஆனேன். எனக்கு வாய் அதிகம் என்பார்கள். பொய்யில்லை. அந்த வாயால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

மன்னார்குடிக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில், மேலப்பண்ணையின் திடலில் எங்கள் தெரு இருந்தது. திடல் என்றால் வயல்களுக்கு நடுவே வெள்ளம் ஏறாத மேடு. தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வயலில் வேலை, பண்ணைத் திடலில் குடிசை, பண்ணை போ என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய பிழைப்பு. எழுபத்தொன்றில் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம், பட்டா தருகிறோம் என்றார்கள். மனையைச் சேர்ந்த கொல்லையும் உண்டு. ஆனால் அந்தக் கொல்லை நீண்ட நாளாக அந்த வீட்டோடு இருந்தது என்று காட்ட வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

அண்ணி வீட்டு மனை கொல்லையோடு சேர்த்துப் பத்துக் குழி. மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சம்பா அறுப்பு முடிந்து மேட்டூரைச் சாத்திவிட்டால் ஆனியில் ஆற்றில் தண்ணீர் வரும்வரை எங்களுக்கு வேலை கிடையாது. உளுந்து பறிக்க நாலு நாள் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் அண்ணியை அதற்கும் கூப்பிடவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் என் அண்ணன் மேல் கேஸ் போட்டுத் தை மாதமே திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீரையன் வீட்டுக்கு வேலை இல்லை என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் தங்கம்மாள். அந்தக் கொல்லையில் காய்த்தால் சோறு, காய்க்காவிட்டால் பட்டினி. இதுதான் எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்து நிலவரம்.

மாசி பிறந்ததும் அண்ணி கொல்லையைக் கொத்திவிட்டாள். பரங்கிக்கு ஆறு குழி வெட்டினாள், சுரைக்கு மூன்று, நடுவில் வெண்டையும் கொத்தவரையும், ஓரத்தில் தண்டுக்கீரை. குளத்திலிருந்து காலையில் பத்துக் குடம், சாயங்காலம் பத்துக் குடம். மீன் கழுவின தண்ணீர் தெருவில் யார் வீட்டில் இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்து பரங்கிக் குழியில் ஊற்றுவாள். முளை விட்டதும் அணிலுக்குப் பயந்து ஒவ்வொன்றின் மேலும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தாள். வெயில் படவேண்டுமே என்று ஒரு மணிக்கு ஒருதரம் ஓடிவந்து தூக்கிப் பார்ப்பாள். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து கீரைப் பாத்தியைக் கிளறும். வேலியோரம் ஒரு செம்போத்து குடியிருந்தது. அதைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்று பார்ப்பாள், பிறகு அது வலமாகப் போயிற்றா இடமாகப் போயிற்றா என்று என்னிடம் வந்து கேட்டு உயிரை எடுப்பாள்.

எல்லாவற்றையும்விட எலிதான் எமன். வயலில் உளுந்தும் பறித்துவிட்டால் எலிக்கு அங்கே என்ன இருக்கிறது? கூட்டமாகத் திடலுக்கு ஏறிவிடும். போட்ட விதையைத் தோண்டித் தின்னும், பிஞ்சை ஓட்டை போடும். எலி வந்ததும் பின்னாலேயே அது வந்தது. கொல்லையின் தென்கிழக்கு மூலையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கரையான் புற்று. அதில் ஒரு நல்ல பாம்பு வந்து தங்கிவிட்டது. கொத்தவரைப் பாத்தியில் ஒருநாள் காலையில் அதன் சட்டை கிடந்தது, என் கைக்கு மூன்று முழத்துக்கு மேலேயே இருக்கும். அன்றிலிருந்து அண்ணி கொல்லையில் கால் வைக்குமுன் மூன்று தரம் கை தட்டுவாள். கொஞ்சம் நிற்பாள். பிறகுதான் இறங்குவாள்.

"என்னா அண்ணி, கச்சேரியா?" என்று நான் கேலி செய்வேன்.

"வர்றேன்னு சொல்லிட்டு வர்றதுதானே மரியாதை" என்பாள்.

ஒருநாள் காலை நானும் அவளும் சுரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். தங்கம்மாள் பரங்கிக் குழி ஓரத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் இரண்டு உடைந்து சதையில் ஏறிவிட்டது. பார்த்தால், குழந்தையின் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பரங்கி இலைகளுக்கு அடியில் அது போய்க்கொண்டிருக்கிறது. படம் எடுக்கவில்லை, சீறவில்லை. ஒரு எலியைத் துரத்திக்கொண்டு அதன் பாட்டுக்குப் போகிறது. கத்த வாயைத் திறந்தேன், அண்ணி என் வாயைப் பொத்தினாள். குழந்தை கையைத் தட்டி, "கயிறு! கயிறு!" என்று சிரித்தது. சுரைக்கொடியின் அடியில் எலி ஒரு தரம் கிறீச்சிட்டது. அதோடு சரி.

அண்ணி போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மருதையனைக் கூப்புடறேன் அண்ணி. தடிய எடுத்துட்டு வந்து அடிச்சுப் போட்டுடட்டும்" என்றேன். மருதையன் எங்கள் தெருவில் விவசாயக் கூலிச் சங்கத்தின் ஆள்.

"வேணாம் அம்சம். அது இருக்கறதாலதான் பரங்கி இருக்கு. நம்ம வேலையத்தான் அது பாக்குது. நான்தான் புள்ளைய வச்சுக்கத் தெரியாதவ."

அன்றிலிருந்து குழந்தையின் இடுப்பில் சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையை வாசல் தூணில் கட்டிவிட்டுத்தான் கொல்லைக்குப் போவாள். அது அழும். இவளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுவாள். பார்க்கிற நமக்குக் கோபம்தான் வரும்.

வாசல் தூண் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கல்யாணமான புதிதில் வைரம் பாய்ந்த ஒரு பனையை வாங்கிச் சாய்த்து நாலாகப் பிளந்தான். நாலு காலிலும் தலைப்பக்கம் கோடாலியால் மூன்று வெட்டுப் போட்டான். அவனுக்கு எழுதத் தெரியாது, அதுதான் அவன் கையெழுத்து. இரண்டு கால் வீட்டு வாசலுக்குத் தூண். இரண்டு கால் கொல்லையின் பின் மூலைகளுக்கு வேலிக்கால். அறுபத்தெட்டில் நடந்த கூலித் தகராறில் பண்ணை ஆட்கள் தெரு முழுக்க வேலியைப் பிடுங்கித் தீ வைத்தார்கள். அண்ணன் கொல்லையின் வேலியும் மூலைக்கால்களும் அதில் போயின என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷம் வேலியே இல்லை. பிறகு கிளுவைப் போத்து வெட்டி நட்டு மறுபடி அடைத்தோம். அது அப்போதுதான் தழைத்து வந்துகொண்டிருந்தது. பார்க்கிறவனுக்கு நேற்று வைத்த வேலி மாதிரிதான் இருக்கும்.

மாசிக் கடைசியில் ஒருநாள் பண்ணை ஏஜெண்டு குஞ்சிதபாதம் நாலு ஆட்களோடு வந்தார். ஆட்கள் தலையில் தென்னம்பிள்ளைகள். அண்ணி கொல்லையில் குழி வெட்டச் சொன்னார்.

"வீடு உன்னுது வேம்பு. யார் இல்லேன்னா? சட்டமே சொல்லுது. கொல்லை பண்ணைத் திடல். அதுல பண்ணை தென்னை வச்சுக்குது. நீ பாட்டுக்கு இரு."

அண்ணி, "ஐயா, செடி எல்லாம் முளைச்சிருக்குங்க ஐயா, கால் வைக்காதீங்க ஐயா" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். தென்னை வைத்துவிட்டால் அப்புறம் அது பண்ணைத் தோப்புதான், எந்த ஆபீசர் வந்தாலும் தென்னையைத்தான் பார்ப்பான். முதல் மண்வெட்டி பரங்கிக் குழியில் இறங்கப் போகிறது. நான் அண்ணி வீட்டுக்குள் ஓடி, மஞ்சள் நனைத்து வைத்திருந்த ஒரு துணியையும் குங்குமச் செப்பையும் எடுத்து வந்து, புற்றின் மேல் ஒரு குச்சியைச் செருகித் துணியைக் கட்டினேன். குங்குமத்தை அள்ளி அப்பினேன். "நாகாத்தா குடியிருக்கா! வெட்டுறவன் கை விளங்காது! வெட்டுங்கடா பாப்போம்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

நாலு பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். ஒருத்தன் செருப்பையே கழற்றிவிட்டான். ஏஜெண்டு எவ்வளவு அதட்டியும் ஒருத்தன் குனியவில்லை. தென்னம்பிள்ளைகள் வந்த வழியே திரும்பிப் போயின. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த தலைக்கனத்தைச் சொல்லி முடியாது.

"பொய் சொல்லிட்டியே அம்சம்" என்றாள் அண்ணி.

"பாம்பு இருக்குல்ல? அப்புறம் என்னா பொய்?"

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெரு ரெங்கம்மாள் அக்கா ஒரு செம்புப் பாலோடு வந்தாள். அவள் மகளுக்குப் பத்து நாளாக விடாத காய்ச்சல். ஊற்றிவிட்டுப் போன இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவ்வளவுதான். அடுத்த வெள்ளி பதினைந்து பேர். அதற்கடுத்த வெள்ளி பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். பால், முட்டை, மஞ்சள், சூடம். வெண்டைப் பாத்தியை மிதித்தே தரையாக்கிவிட்டார்கள். பாலுக்கு எறும்பு வந்தது, முட்டைக்குக் கீரி வந்தது. கீரி பாம்பைக் கொன்றுவிடுமோ, பாம்பு கீரியைக் கொன்றுவிடுமோ, இரண்டும் சேர்ந்து பிள்ளையை ஏதாவது செய்துவிடுமோ என்று அண்ணிக்கு மூன்று வகையாகக் கவலை. வருகிறவர்கள் பரங்கிப் பிஞ்சைக் காட்டி "எவ்வளவு அழகா காய்ச்சிருக்கு!" என்பார்கள். இவள் ஓடி ஓடி ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருப்பாள்.

பங்குனி பதினாலாம் தேதி மருதையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். எட்டு நாளில் தாசில்தார் நேரில் வந்து தெருவில் மனைகளை அளக்கப் போகிறார். ஏஜெண்டு நமக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். என்னவென்று? வீரையன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம் ஊர்ப் பொதுமக்கள் வழிபடுகிற கோயில் இடம். அதைத் தனி ஆளுக்குப் பட்டா போடக்கூடாது. பண்ணை பொறுப்பேற்றுச் சுற்றிச் சுவர் வைத்துக் காப்பாற்றும்.

நான் கட்டின துணி! நான் அப்பின குங்குமம்! தென்னை நட முடியாதவருக்கு நானே கோயில் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி மனசு ஆறியிருக்கும். குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டாள்.

துணியை அவிழ்த்துவிடலாம் என்று அன்றே போனேன். ரெங்கம்மாள் அக்கா குறுக்கே வந்து நின்றாள். "நீ கட்டலாம், நீ அவுக்க முடியாது அம்சம். என் மகளைக் காப்பாத்தின ஆத்தா. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா தெருவுல எந்தப் புள்ளைக்கு என்னா வருமோ" என்றாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் அண்ணி மேல் பாசம் உண்டு. அதைவிடப் பெற்ற பிள்ளைகள் மேல் பயம் உண்டு. யாரை நொந்துகொள்வது?

ஐந்து நாள் போயிற்று. அண்ணி ஒருவேளைதான் சாப்பிட்டாள், அதையும் பாதியில் வைத்துவிட்டாள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறாம் நாள் என்னை வேலியோரம் இழுத்துக்கொண்டு போய்க் காதோடு சொன்னாள்.

"அம்சம், தெக்கு மூலைக்கால் எங்க போச்சுன்னு யோசிச்சியா?"

"வேலியோட எரிஞ்சிருக்கும்."

"எரியல. வடக்குக் காலத்தான் புடுங்கினாங்க. இத அப்பவே முக்காவாசி புத்து மூடியிருந்துச்சு, அவங்க கண்ணுல படல. அப்புறம் முழுசா மூடிடுச்சு. புத்துக்குள்ளதான் இருக்கு."

மூன்று வெட்டுப் போட்ட கால். வாசல் தூணில் இருக்கிற அதே மூன்று வெட்டு. புற்று இத்தனை உயரம் வளர எத்தனை வருஷம் ஆகும்? அதற்கும் முன்னால் வைத்த மூலைக்கால் என்றால், இது இந்த வீட்டுக் கொல்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

"இப்பவே இடிச்சுப் பாத்துடுவோம்!"

"இப்ப இடிச்சா நாமளே கொண்டாந்து புதைச்சோம்னு ஏஜெண்டு சொல்லுவாரு. அவங்க கண்ணு முன்னாடிதான் இடிக்கணும்." அவள் குரல் இறங்கியது. "ஆனா உள்ள அது இருக்கே அம்சம். நமக்கு ஒரு கெடுதலும் பண்ணலியே. அது வீட்ட எப்படி இடிக்கிறது? நாலு வருஷத்துக்கு முன்ன நம்ம வேலியப் புடுங்கினப்ப நான் என்னா அழுகை அழுதேன்."

"நீங்க இடிக்க வேணாம். நான் இடிக்கிறேன். வினையக் கொண்டாந்தவ நான்தானே. கடப்பாரைய என்கிட்ட குடுங்க" என்றேன். மார்தட்டாத குறை.

பங்குனி இருபத்திரண்டு, நல்ல வெயில். தாசில்தார் கண்ணாடி போட்ட இளவயசுக்காரர். சர்வேயர், சங்கிலி பிடிக்கிற ஆள், ஏஜெண்டு, அவருக்குப் பின்னால் அந்த நாலு பேர், எங்கள் தெரு முழுதும். வீடுகளை அளந்து அளந்து கடைசியில் அண்ணி கொல்லைக்கு வந்தார்கள்.

ஏஜெண்டு நிதானமாகப் பேசினார். "வேலியப் பாருங்கய்யா. கிளுவைக் குச்சி கட்டைவிரல் பருமன்கூட இல்ல. சட்டம் வந்ததும் அவசர அவசரமா வச்சது. அது கெடக்கட்டும். இது நாகாத்தா எடம், ஊரே கும்பிடுது. நான் சொல்லல, அவங்களையே கேளுங்க."

தாசில்தார் ரெங்கம்மாள் அக்காவைப் பார்த்துக் கேட்டார். அவள் அண்ணியைப் பார்த்தாள், புற்றைப் பார்த்தாள். "கும்பிடறோமுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க ஐயா!" என்று கத்தினேன் நான். "இது கொல்லைதான். மூலைக்கால் புத்துக்குள்ள இருக்கு. எங்க அண்ணன் நட்டது. இடிச்சுக் காட்டுறோம்."

"சாமி புத்த இடிக்கிறாளாம்!" என்று ஏஜெண்டு சிரித்தார். "இடி. யார் வேணாங்கறா?"

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பொய்யாகக் கட்டினவள் நான். இரும்பைத் தூக்கப் பார்த்தேன், கை தோளுக்கு மேலே வரவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. தெருவே பார்க்கிறது. மறுபடி பார்த்தேன். முடியவில்லை. மேடையில் ஏறினால் சாமியே இல்லை என்று ஒரு மணி நேரம் பேசுகிற மருதையனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாம்புக்காகத்தான் யோசிச்சேன்" என்று பின்னால் ஒருநாள் சொன்னான். சங்கிலி பிடிக்கிறவனைத் தாசில்தார் பார்த்தார். அவன் இரண்டடி பின்னால் போனான்.

அண்ணி வந்தாள். தங்கம்மாளை என் இடுப்பில் வைத்தாள். கடப்பாரையைத் தொடவில்லை, வெண்டைப் பாத்தியில் கிடந்த தன் மண்வெட்டியை எடுத்தாள். புற்றின் முன்னால் நின்று மூன்று தரம் கை தட்டினாள். நின்றாள். மறுபடி மூன்று தரம் தட்டினாள். ஒன்றும் அசையவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. போறதுன்னா போயிடுங்க. எனக்கு வேற எடம் இல்ல" என்று புற்றிடம் சொன்னாள். தெருவே கேட்டது. அவள் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொள்வதும் கேட்டது.

முதல் வெட்டு சும்மா சறுக்கியது. இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாம் வெட்டில் பெரிய கட்டியாக மண் பெயர்ந்தது. உள்ளே கறுப்பாக, பெருந்தொடைப் பருமனில் பனங்கால். தலைப்பக்கம் மூன்று வெட்டு. மேலிருந்த மண் முழுதும் பொலபொலவென்று உள்ளே சரிந்து, கீழே இருந்த புற்றின் இரண்டு வாயையும் மூடிக்கொண்டது. பாம்பு வரவில்லை. யாரும் எதையும் பார்க்கவில்லை.

அண்ணி விரலை மடக்கிக்கொண்டு, மடக்கின முட்டியால் அந்த மூன்று வெட்டையும் காட்டினாள். பிறகு அதே முட்டியால் வீட்டு வாசல் தூணைக் காட்டினாள். தாசில்தார் தூண் வரை நடந்து போய் வெட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். "புத்து இவ்வளவு ஏற எத்தனை வருஷம் ஆகும்?" என்று பொதுவாகக் கேட்டார்.

"ஏழெட்டு வருஷம் ஆகுமுங்க" என்றான் சங்கிலி பிடிக்கிறவன். இரண்டடி முன்னால் வந்துவிட்டிருந்தான்.

தாசில்தார் நின்றபடியே எழுதினார். ஏஜெண்டு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். தெருவில் ஒரே கூச்சல். மருதையன்தான் எல்லோரையும்விட அதிகம் கத்தினான். அண்ணி மட்டும் சரிந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கை தட்டிவிட்டு இறங்கினாள், ஒரு முட்டையைக் கொண்டுபோய் அந்த மண்மேல் வைத்தாள். மூன்று நாள் கழித்து முட்டையை எறும்பு மொய்த்தது.

"வேற வழியா எங்கயாவது போயிருக்கும் அண்ணி."

"எந்த வழியா? ரெண்டு வாயும் மூடிடுச்சே."

"மண்ணத் தோண்டிப் பாத்துடலாமா?"

"பாத்து? உள்ள இருந்தா நான் என்னா பண்ணுவேன்?"

ரெங்கம்மாள் அக்கா அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். யார் வீட்டுப் பிள்ளை தும்மினாலும் அண்ணி வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பரங்கி நாலைந்து பெருத்து மஞ்சளுக்கு வந்துகொண்டிருந்தது. சித்திரை பத்தாம் தேதியோ என்னவோ, மருதையன் தெருவுக்கு எல்லாம் பட்டா கொண்டுவந்தான். அண்ணி பட்டாவை வாங்கிக்கொண்டு ஓடினேன். அவள் கொல்லையில் குந்தியிருந்தாள். முன்னால் ஒரு பரங்கிக்காய். அதன் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் அப்படியே. சுரைக்கொடியை அடியிலேயே அறுத்துப் போட்டிருந்தது. எலி.

"போவுது அண்ணி, மிச்சத்துக்குப் பொறி வைப்போம். இங்க பாருங்க, பட்டா! பத்துக் குழியும் உங்க பேர்ல!" என்று படித்தேன். ஊர், நம்பர், அளவு, பிறகு நாலு எல்லை. "தென்கிழக்கு மூலை, பழைய பாம்புப் புற்றும் அதனுள் பனங்காலும்."

"அத இன்னொரு தரம் படி."

படித்தேன்.

"அதையும் எழுதியிருக்காங்களா?"

"எல்லைக்கு அடையாளம் அண்ணி."

அவள் அந்தக் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எலி வந்துடுச்சு அம்சம். அது இருந்தா எலி வருமா?" என்று கேட்டு அழ ஆரம்பித்தாள். ஜெயிலுக்கு அண்ணனைக் கொண்டுபோனபோதுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. "எனக்கு எடம் வேணும்னு அத வீட்டோட மூடிட்டேன். அதுக்கு வேற எடம் இருந்துச்சான்னு நான் கேட்டனா?"

நானும் உட்கார்ந்தேன். துணி கட்டினவள் நான், கடப்பாரையைத் தூக்க முடியாதவளும் நான். பாவத்தை மட்டும் அவள் சுமக்கிறாள். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த வருஷம் நாங்கள் இரண்டு வீடும் தண்டுக்கீரையைத் தின்றே ஆனியை எட்டினோம். ஆடியில் அண்ணன் விடுதலையாகி வந்தான். பட்டாவைத் தடவித் தடவிப் பார்த்தான். வேம்பு புற்றை இடித்த கதையைத் தெருவே சொன்னது, அவன் நம்பவே இல்லை, விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கொல்லையைச் சுற்றி வந்தான். பெருமையாகத் தென்கிழக்கு மூலையைக் காட்டி, "இந்த மண்ணக் கொத்திச் சமன் பண்ணிட்டா ஒரு வாழை வைக்கலாம்" என்றான்.

அண்ணி பக்கத்தில் போய் அவன் நீட்டின விரலைப் பிடித்து மடக்கினாள்.